மோட்டார் இல்லாத குழாய்க்கு லாரித் தண்ணீர்

நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்த அவரை அலுவலகம் முழுக்க சைபன் சார் என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நல்ல உயரம், ஆனால் யாரையோ கடந்துபோக அனுமதி கேட்கிறவர் மாதிரி எப்போதும் கொஞ்சம் குனிந்தே நடப்பார். மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் முதலில் "ஆமாம்" என்பார். பிறகு யோசிப்பார். யோசித்ததில் அது தப்பு என்று தெரிந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஆணித்தரமாக எடுத்துச் சொல்வார். அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் இந்த வரிசையால் வந்ததுதான்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊர் ஏரியைவிடத் தாழ்வுதான். ஆனால் நடுவில் அந்த மேடு எருமை படுத்த மாதிரி குறுக்கே கிடக்கிறது. முன்பெல்லாம் பெரிய மோட்டார் போட்டுத் தண்ணீரை மேட்டில் ஏற்றி இந்தப் பக்கம் இறக்கினார்கள். கரண்ட் போனால் தண்ணீரும் போகும். சைபன் சார்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வரைபடம் போட்டார். ஏரியிலிருந்து மேட்டின் மேலாக ஊர்வரை காற்றுப் புகாத ஒரே குழாய். ஒருமுறை முழுக்க நிரப்பிவிட்டால் போதும். கேனிலிருந்து எண்ணெயை ரப்பர் குழாயால் இறக்குகிறோமே, அதே மாதிரி, இறங்குகிற தண்ணீர் ஏறுகிற தண்ணீரை இழுத்துக்கொண்டு தானாக ஓடும். இதற்குத்தான் சைபன் என்று பெயர், அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான்.

அந்த வரைபடத்தில், மேட்டின் உச்சியில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, "காற்று உறிஞ்சும் பம்ப்" என்று எழுதியிருந்தார். தண்ணீருக்குள் காற்று கரைந்து கிடக்கிறது. உச்சியில் குழாய்க்குள் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே வந்ததும் அந்தக் காற்று பிரிந்து குமிழியாகி, குழாயின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாளாக ஆக அது பெரிதாகித் தண்ணீரின் வழியை அடைக்கும். அதை அவ்வப்போது உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன பம்ப் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நகராட்சித் தலைவருக்கு வரைபடம் ரொம்பப் பிடித்துவிட்டது, அந்தக் கட்டத்தைத் தவிர.

"மோட்டாரே இல்லாத குழாய்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டு வர்றேன். நீங்க மேல கொண்டுபோய் ஒரு மோட்டாரை வெச்சா என் முகத்தை எங்க வெச்சுக்குவேன்?" என்றார் தலைவர்.

"அது தண்ணிக்கு இல்லீங்க ஐயா. காத்துக்கு."

"காத்துக்கு எதுக்கு மோட்டாரு? அது தானா வரும், தானா போகும்."

சைபன் சார் "ஆமாங்க ஐயா" என்றார். தலைவர் கட்டத்தின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அன்றைக்கு வீட்டில் சைபன் சார் அந்தக் கோட்டை எதிர்த்து வெகுநேரம் வாதாடினார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். இதையெல்லாம் தலைவர் அறையிலேயே பேசியிருந்தால் தனக்கும் பாத்திரம் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. ஊர் முனையில் கல்வெட்டு வைத்தார்கள். "ஒரு மோட்டாரும் இன்றி மேடு தாண்டி வரும் நீர்" என்று அதில் பொறித்திருந்தது. தலைவர் பெயர் கொட்டை எழுத்தில். சைபன் சாரின் பதவி கடைசி வரியில், புல் வளர்ந்தால் மறைந்துபோகிற உயரத்தில். தண்ணீர் என்னவோ அருமையாக வந்தது. மாடிக்குழாயிலும் வந்தது. வெளியூர் நகராட்சிகளிலிருந்து ஆட்கள் வந்து கல்வெட்டின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெயில் காலம் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, இன்னும் வேகமாக உதறிவிடும். முதலில் மாடிக்குழாய் நின்றது. பிறகு கீழ்க்குழாயில் விரல் தடிமனுக்கு வந்தது நூலாக இளைத்தது. சைபன் சாரின் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். பல்வலியோடு வருகிறவர்கள்கூடத் தாடையைப் பிடித்துக்கொண்டே முதலில் அவளிடம் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிவிட்டு, அப்புறம்தான் எந்தப் பல் என்று சொன்னார்கள்.

தண்ணீர் குறைந்ததும் ஒருவன் மட்டும் நிமிர்ந்தான். அவன் சைபன் சாரின் மைத்துனன், மனைவியின் சொந்தத் தம்பி. தண்ணீர் லாரி வைத்திருந்தான். புதுக் குழாய் வந்த பிறகு கழுவித் துடைத்து ஓரமாக நிறுத்தியிருந்த லாரி மறுபடி தெருத்தெருவாக ஓடியது. ஊரில் இதைக் கவனிக்காதவர் இல்லை. மாமா குழாயை அடைக்கிறார், மச்சினன் லாரியை ஓட்டுகிறான் என்று காற்றுவாக்கில் ஒரு பேச்சு கிளம்பி, டீக்கடை வழியாக நகராட்சிக் கூட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

கூட்டத்தில் சைபன் சார் விளக்கம் சொல்லியாக வேண்டியிருந்தது. ஒரு சோடா பாட்டிலைக் கொண்டுபோயிருந்தார். மூடியைத் திறந்ததும் பொங்கியது. மூடி இருந்தவரை அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த காற்று, திறந்ததும் வெளியே வருகிறது பாருங்கள், நம் குழாயிலும் மேட்டின் உச்சியில் இதுதான் நடக்கிறது என்றார். உறுப்பினர்கள் உன்னிப்பாகப் பார்த்தார்கள். ஒருவர், ஏரித் தண்ணீரில் சோடாவைக் கலப்பது யார் என்று கேட்டார். யாரும் கலக்கவில்லை, எல்லாத் தண்ணீரிலும் இயற்கையாகவே காற்று இருக்கிறது என்றார் இவர். அப்படியானால் எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் ஏன் பொங்கவில்லை என்றார் இன்னொருவர். பாட்டிலைக் காலி செய்துவிட்டு, கூட்டம் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: தண்ணீர் திருடு போகிறது.

உடனே தண்ணீர்த் திருட்டு ஒழிப்புக் குழு அமைந்தது. ஒரு ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டரை அதற்குத் தலைவராகப் போட்டார்கள். அவர் விசிலை மட்டும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரவில்லை. திருடன் ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டின் உச்சியில்தான் குழாயை ஓட்டை போடுவான் என்று அவர் கணித்தார். உச்சியில் திருடவே முடியாது, அங்கே ஓட்டை போட்டால் தண்ணீர் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும் என்று சைபன் சார் சொல்லிப் பார்த்தார். திருடனுக்கு வக்கீல் வேண்டாம் என்றார் டிரில் மாஸ்டர்.

ஆனாலும் "காற்று" என்ற சொல் தலைவரின் காதில் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அந்த வாரமே வால்வு விற்கிற ஒருவர் வந்தார். எல்லா ஊரிலும் குழாயின் உயரமான இடத்தில் காற்றுப்போக்கி வால்வு வைக்கிறார்கள், மோட்டாரும் வேண்டாம், ஆளும் வேண்டாம், காற்றுச் சேர்ந்தால் தானாகத் திறந்து வெளியே விடும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மோட்டார் தள்ளுகிற குழாய்களில் உள்ளே அழுத்தம் அதிகம், திறந்தால் காற்று வெளியே வரும். சைபனின் உச்சியிலோ உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாயும். இது சைபன் சாருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தலைவர் சந்தோஷமாக இருந்தார். சந்தோஷமாக இருக்கிற தலைவரைப் பார்த்து இவர் அதுவரை "இல்லை" என்றதில்லை. வால்வைப் பொருத்தும் முன் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று மெல்லிய குரலில் சொன்னார். விழா மேடையில் எல்லோரும் பார்க்கவே சோதிப்போம் என்றார் தலைவர்.

குழாயை நிறுத்தி வால்வைப் பொருத்தி, மறுபடி நிரப்பி ஓடவிட்டார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் மேட்டின் உச்சியில் நாற்காலிகள் போட்டாயிற்று. வால்வின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். தலைவர் ரிப்பனை வெட்டிக் கைப்பிடியைத் திருப்பினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். தலைவர் கையை உயர்த்தி, அதோ இத்தனை நாளும் நம் தண்ணீரை அடைத்த காற்று வெளியேறுகிறது என்றார். கூட்டம் கைதட்டியது. டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். வெட்டிய ரிப்பனின் நீண்ட வால் மட்டும் மெதுவாக எழுந்து, வால்வின் வாயைத் தேடிப்போய், படபடவென்று அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது. அந்த இடத்தில் அதைப் பார்த்தவர் சைபன் சார் ஒருவர்தான். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் வீடு போய்ச் சேர்வதற்குள் குழாய் அறுந்துவிட்டது. அறுந்தது என்றால் உடைந்துபோகவில்லை. உச்சியில் காற்று நிறைந்ததும் அந்தப் பக்கத்துத் தண்ணீர் ஏரிக்கே திரும்பியது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் ஒரே மூச்சாக ஊருக்குள் வந்து, தெருக்களை நனைத்துவிட்டு நின்றுபோனது. அந்த ஒரு பெருக்கைப் பார்த்து, வால்வு வேலை செய்கிறது என்று சிலர் இனிப்பு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை.

குழாயை மறுபடி ஓடவைக்க இரண்டு முனையையும் மூடிவிட்டு, உச்சியிலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். விழாவுக்கு முன்பு நிரப்பியதெல்லாம் பழைய பெரிய மோட்டாரை வைத்துத்தான். ஏரிக்கரையில் மூடிக்கிடந்த அதை யாருக்கும் தெரியாமல் ஓட்டியிருந்தார்கள். இந்தச் சமயம் பார்த்து அதன் சுருள் கருகிப்போனது. தண்ணீருக்கு ஊரே அலைகிறது. சைபன் சார் மைத்துனன் வீட்டுக்குப் போனார்.

"தண்ணி கொண்டு வர்ற குழாய்க்கே தண்ணி ஊத்தணுமா மாமா?" என்று மைத்துனன் கேட்டான். சிரிக்கக்கூட இல்லை. ஆச்சரியத்தில் அவன் மனைவிதான் உள்ளேயிருந்து வெளியே வந்து பார்த்தாள்.

அவன் லாரியை மேட்டில் ஏற்றினான். நடை நடையாக ஊற்றினார்கள். குழாய் நிறைந்தது, ஓடியது. வால்வைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சைபன் சார் ஓர் இரும்புத் தொட்டியைப் பொருத்தினார். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே திறந்து மூட ஒரு திருகு, தொட்டியின் மேல்வாயில் ஒரு திருகு. கீழே மூடி, மேலே திறந்து, தொட்டியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். பிறகு மேலே மூடிக் கீழே திறந்தால் தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும், குழாயில் சேர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஏறிவரும். மறுபடி கீழே மூடிவிட்டு மேலே திறந்தால் காற்று போயே போய்விடும். மோட்டார் வேண்டாம். தண்ணீர்தான் வேண்டும், அதுவும் குழாய் தண்ணீர் தராத அந்த உச்சியில். ஆகவே வாரத்தில் சில நாள் விடியற்காலையில் மைத்துனனின் லாரி நிறைந்த வயிற்றோடு மேடேறிப் போய்க் காலியாக இறங்கி வந்தது. தொட்டி விஷயம் தலைவருக்குத் தெரியாது. தெரிந்தால் கல்வெட்டுக்கு என்ன ஆகும் என்ற பயத்தில் சைபன் சார் அதைப் "பராமரிப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்திருந்தார்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் திருட்டு ஒழிப்புக் குழு ஒன்று இருக்கிறதே. ஊருக்குத் தண்ணீர் வர ஆரம்பித்ததில் அதற்குத்தான் வருத்தம். பிடிக்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. விடிகாலை நடைக்குப் போன ஒரு உறுப்பினர் மேட்டுச்சாலையில் தண்ணீர் லாரியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னார். மறுமுறை லாரி ஏறியபோது டிரில் மாஸ்டரும் குழுவும் புதருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். லாரி இறங்கும்போது விசில் அடித்து வளைத்துக்கொண்டார்கள்.

டிரில் மாஸ்டர் தன் கையாலேயே லாரியின் பின்குழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொட்டியைத் தட்டிப் பார்த்தார். வெறும் 'டங்' என்றது. மேலே ஏறும்போது பின்பக்கம் சொட்டச் சொட்டப் போனதை எல்லோருமே பார்த்திருந்தார்கள். திருடன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற திருட்டுக்கு அவர்களிடம் விதியில்லை.

"எங்க கொட்டின தண்ணியை?" என்றார் டிரில் மாஸ்டர்.

"குழாய்க்குள்ளதான் சார்," என்றான் மைத்துனன்.

"எனக்கே காது குத்துறியா?"

அவனை லாரியோடு நகராட்சி வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பகல் முழுக்க ஊரே வந்து பார்த்தது. காலி லாரியைக் காட்டி, பார், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் விற்றிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் தலைவர் சைபன் சாரைத் தனியாகக் கூப்பிட்டார். தொட்டி, லாரி எல்லாவற்றையும் இவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்பாகவே பேசினார்.

"இங்க பாருங்க. மோட்டார் இல்லாத குழாய் லாரித் தண்ணியில ஓடுதுன்னு வெளிய தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் தெருவுல நடக்க முடியாது. உங்க மச்சினன் திருடினான்னு குழு எழுதிக் குடுத்துடும். கொஞ்ச நாள் லாரியை நிறுத்தி வெப்போம், அப்புறம் நானே விட்டுடுறேன். அவன் சின்னப் பையன், ஊர் மறந்துடும். நீங்க ஒரு ஆமாம் சொன்னாப் போதும்."

சைபன் சாருக்கு அந்த "ஆமாம்" நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடி ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. மைத்துனன் லாரிப் படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ ஒரு பெண், தன் பிள்ளைக்கு அவனைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். இவர், யோசித்துவிட்டுக் காலையில் சொல்கிறேன் என்றார். தலைவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள்முதல் அவர் அப்படியொரு பதிலை இவரிடம் கேட்டதில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினார். தலைவர் எப்படித் தப்பு, குழு எப்படித் தப்பு, அந்தச் சிவப்புக் கோடு எப்படி எல்லாவற்றுக்கும் மூலம் என்று வழக்கம்போல அழகாகப் பேசினார். மனைவி இந்த முறை பாத்திரம் கழுவவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட நல்லாத்தான் பேசுறீங்க," என்றாள். "நாளைக்கு நீங்க ஆமாம்னு சொல்லிட்டு வந்தா, இதையெல்லாம் கேக்க நான் இங்க இருக்க மாட்டேன். அவ்வளவுதான்."

மறுநாள் கூட்டத்தில் சைபன் சார் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். என் மைத்துனன் திருடவில்லை, இந்தக் குழாய் அவன் கொண்டுவந்த தண்ணீரால்தான் ஓடுகிறது என்றார். உச்சியில் காற்றெடுக்க பம்ப் வேண்டும் என்று முதலிலேயே வரைந்திருந்தேன், அதைத் தலைவர் அடித்தார், நான் பேசாமல் இருந்தேன், வால்வு காற்றை இழுக்கும் என்று தெரிந்தும் கைதட்டினேன், ஊர் காய்ந்ததற்கு அதுதான் காரணம் என்றார். சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கொஞ்சம் தள்ளியிருந்ததால் பாதிதான் உட்கார முடிந்தது.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தண்ணீர் குடித்தார். இத்தனை வருடம் நாற்காலியில் நிலைத்தவர் சும்மா நிலைக்கவில்லை.

"நம்ம கல்வெட்டுல என்ன எழுதியிருக்கு? மோட்டார் இல்லாம வர்ற தண்ணி. இவர் கேக்குற பம்ப் தண்ணியைத் தொடுதா? தொடலை. அது காத்தை எடுக்குது. காத்துக்கு வெச்ச மோட்டார் தண்ணி மோட்டார் ஆகாது. இதை நான் முதல்ல இருந்தே சொல்லிட்டு வர்றேன்."

கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அன்றே பம்ப் வாங்கத் தீர்மானம் ஆனது. அதற்கொரு கட்டிடம், கட்டிடத்துக்கொரு விழா, "காற்று நிலையம்" என்று ஒரு பெயர்ப்பலகை. டிரில் மாஸ்டரின் குழு ஓர் அறிக்கை கொடுத்தது: தாங்கள் மேட்டில் காவல் போட்ட நாளிலிருந்து தண்ணீர்த் திருட்டு அறவே ஒழிந்துவிட்டதாம். அதற்கு ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்தது. குழுவைக் கலைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால் இன்றுவரை அது கூடி டீ குடித்துக்கொண்டிருக்கிறது.

பம்ப் வந்தபின் தண்ணீர் வெயிலிலும் குறையாமல் வந்தது. சைபன் சாரைத்தான் காணவில்லை. கூட்டத்தில் அனுமதி இல்லாமல் உண்மை பேசியதற்கு நகராட்சி விதிகளில் தண்டனை கிடையாது. ஆகவே பாராட்டி, மீட்டர் பழுது பார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மைத்துனன் லாரியோடு வீடு திரும்பிவிட்டான், ஆனால் வெகுநாள் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. சைபன் சார் நேரில் போய் நின்றார். அவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். நிமிராமலேயே பேசினான்.

"நீங்க எனக்காகப் பேசினீங்க, சந்தோஷம். ஆனா ஒரு ராத்திரி யோசிச்சீங்களே மாமா."

இவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயர் நிறையும்வரை கூட இருந்தார். போகும்போது அவன், அக்காவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றான். இவரையும் வரச் சொன்னானா என்பது தெளிவாகவில்லை. இருவருமாகப் போனார்கள். சாப்பாடு போட்டான்.

மீட்டர் அறை அலுவலகத்தின் பின்கோடியில் இருக்கிறது. அலமாரி நிறைய ஓடாத மீட்டர்கள். பேச ஆளில்லை. ஆனால் அங்கே போன பிறகு சைபன் சார் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதாக அவர் மனைவி மருத்துவமனையில் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் வயதான தையல்காரர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். பையில் அவர் வீட்டு மீட்டர். எத்தனையோ மேசையில் விரட்டப்பட்டவர் மாதிரி வாசலிலேயே தயங்கி நின்றார்.

"சொன்னா நீங்களும் சிரிப்பீங்க," என்றார். "குழாயைத் திறந்தா முதல்ல தண்ணி வர்றதில்லை, வெறும் காத்துதான் வருது. அந்தக் காத்துக்கே மீட்டர் கடகடன்னு ஓடுது. எனக்குப் பைத்தியம்னு முன்னாடி ஆபீஸ்ல சொல்றாங்க."

சைபன் சார் எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க," என்றார். "எந்தத் தெரு, எந்த நேரத்துல ஓடுது? முதல்ல இருந்து சொல்லுங்க."